எரவாடா மைதானமும் ஹடப்சர் கிளைடர்களும்

விமானத்தின் கதையை நாம் பெரும்பாலும் இயந்திரங்களின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எந்த ஆண்டில் எந்த விமானம் வந்தது, அதன் வேகம் என்ன, எவ்வளவு தூரம் பறந்தது என்று வரிசைப்படுத்துவதோடு வரலாறு முடிந்துவிடுகிறது. அந்த விமானத்தை ஓட்டியவர் எங்கே கற்றார், அவருக்கு யார் கற்றுத்தந்தார்கள் என்ற கேள்வி அந்த வரிசையில் வருவதே இல்லை. புனேயில் வாழ்ந்த ஆண்டுகளில் எனக்குள் மெல்ல உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. இந்தியாவில் பறப்பதை ஒரு கலையாகவும் தொழிலாகவும் வளர்த்தெடுத்ததில் பெரிய பங்கு ஃப்ளையிங் கிளப்புகளுடையது. அவற்றை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது வரலாற்றுக்கும் பொருந்தாது, இன்றைய தேவைக்கும் பொருந்தாது. புனே என்றால் லோகேகாவ் விமானப்படைத் தளமும் அங்கிருந்து இரைச்சலோடு கிளம்பும் போர் விமானங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 1939இல் அந்தத் தளம் அமைவதற்கு முன்பே இந்த ஊர் விமானங்களுக்கு இடம் கொடுத்திருந்தது. அது பலருக்குத் தெரியாத செய்தி.

முதலில் கிளப்புகள் எப்படி வந்தன என்று பார்க்கலாம். முதல் உலகப்போர் முடிந்து பத்தாண்டு கழியும்வரை, இந்தியாவில் பறப்பது என்றால் பிரிட்டிஷ் படையினர் பறப்பதுதான். ஓர் இந்தியர் விமானம் ஓட்டக் கற்க விரும்பினால் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போக வேண்டும். 1920களின் இறுதியில் அரசு விமானங்களும் மானியமும் கொடுத்து டில்லி, கராச்சி, பம்பாய், கல்கத்தா ஆகிய ஊர்களில் ஃப்ளையிங் கிளப்புகள் தொடங்க வழிசெய்தது. மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய, இரண்டு பேர் உட்காரக்கூடிய மாத் வகை விமானங்களே அங்கே பாடப்புத்தகம். 1928இல் ஜூஹுவில் தொடங்கிய பாம்பே ஃப்ளையிங் கிளப்பில் கற்ற ஜே.ஆர்.டி. டாடா, 1929 பிப்ரவரி 10ஆம் தேதி முதலாம் எண்ணிட்ட உரிமத்தைப் பெற்றார். ஆசிரியரோடு 3 மணி 45 நிமிடம் பறந்தபின் அவரைத் தனியே அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே குறிப்பிட்ட காலத்துக்குள் தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். அடுத்த ஆண்டு, கராச்சியில் பறக்கக் கற்ற 17 வயது ஆஸ்பி எஞ்சினியர் ஒரு பக்கமிருந்தும் டாடா எதிர்ப்பக்கமிருந்தும் பறந்தார்கள். எகிப்தின் அபூகிரில் ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் சிக்கி நின்றபோது, போட்டியாளரான டாடா தன்னிடமிருந்த உபரி பிளக்கைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போனது. பின்னாளில் ஆஸ்பி இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார், டாடா நாட்டின் முதல் பெரிய விமான நிறுவனத்தை உருவாக்கினார். இந்தச் சம்பவத்தைப் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லி வருகிறார்கள். எனக்கு அது கிளப் பழக்கத்துக்கு எடுத்துக்காட்டாகத் தெரிகிறது. அடுத்தவர் இறங்கி வரும்வரை தன் பறப்பு முடியவில்லை என்று நினைக்கும் வழக்கம் சிறிய விமானத் திடல்களில்தான் மனிதருக்குப் படியும்.

புனே இந்தக் கதைக்குள் வருவது மழையால். 1932 அக்டோபர் 15ஆம் தேதி டாடா கராச்சியிலிருந்து தபால் பைகளோடு ஒரு புஸ் மாத் விமானத்தில் கிளம்பி, அகமதாபாத் வழியாக ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றார். நம் ஊருக்கு ஒழுங்கான விமானத் தபால் வந்தது அப்படித்தான். ஜூஹு அப்போது கடலோரச் சேற்று நிலம். பருவமழை வந்ததும் திடல் முழுவதும் தண்ணீர் தேங்கிவிடும், இறங்க இடம் இருக்காது. ஆகவே மழை மாதங்களில் இரண்டு விமானங்கள், மூன்று விமானிகள், மூன்று மெக்கானிக்குகள் என்று அந்த நிறுவனம் மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு புனேக்கு இடம் மாறும். எரவாடா சிறைச்சாலைக்குப் பக்கத்தில் இருந்த மைதானத்தில் இறங்கிக்கொள்ள அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. 1932 செப்டம்பரில் காந்தி உண்ணாவிரதம் இருந்து, அம்பேத்கரோடு புனே ஒப்பந்தம் முடிந்த அதே சிறைதான். அதன் நிழலில், ஓடுபாதையோ வானொலியோ விளக்கோ இல்லாத ஒரு புல்வெளியிலிருந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மேகங்களைத் தாண்டித் தபால் போய் வந்தது. முதல் ஓராண்டு முழுக்க, மழைக்காலம் உட்பட, ஒருமுறைகூடக் காலம் தவறாமல் தபாலைச் சேர்த்ததற்காக 1933இல் அரசின் விமானத் துறை இந்தச் சேவையை வெளிப்படையாகப் பாராட்டியது. கருவிகள் இல்லாத காலத்தில் அந்த நேரந்தவறாமை எங்கிருந்து வந்தது? மேகத்தின் அடியைப் பார்த்து உயரம் கணிப்பது, ஆற்று வளைவையும் ரயில் பாதையையும் வைத்து வழி அறிவது, என்ஜின் நின்றால் எந்த வயலில் இறங்கலாம் என்று எப்போதும் ஒரு கண் வைத்திருப்பது ஆகிய பழக்கங்களிலிருந்து வந்தது. டாடா போன்றவர்கள் அவற்றைக் கற்றது கிளப் திடலில். வின்சென்ட் படையில் பறந்தவர். பிறகு இந்தியா முழுவதும் ஊர் ஊராகப் போய் மக்களை விமானத்தில் ஏற்றிக் காட்டியவர். அந்த அனுபவமும் கிளப் வழி அனுபவத்துக்கு நெருக்கமானதுதான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். அந்தக் கிளப்புகளில் உறுப்பினராக இருந்தவர்கள் யார்? ஆங்கில அதிகாரிகள், சமஸ்தானத்து இளவரசர்கள், பம்பாயின் பெரிய வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு மணி நேரப் பறப்புக்கு ஆகும் பணம் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. மக்கள் வரிப்பணத்தில் மானியம் கொடுத்து வசதியானவர்களைப் பறக்கவிட்டது எப்படிப் பொதுநலம் ஆகும்? இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. உறுப்பினர் பட்டியல் குறுகியதுதான். ஆனால் ஒரு நிறுவனத்தை அதன் வாசலில் யார் நின்றார்கள் என்பதை மட்டும் வைத்து அளக்கக்கூடாது, அதிலிருந்து என்ன வெளியே வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1940இல் போருக்காக இந்தியாவிலிருந்து 24 விமானிகளைப் பிரிட்டன் அழைத்தபோது, அவர்கள் ஏற்கெனவே பறக்கும் உரிமம் வைத்திருந்தவர்கள். டில்லி ஃப்ளையிங் கிளப்பில் கற்ற மொஹிந்தர் சிங் புஜ்ஜி அவர்களில் ஒருவர். கிளப்புகள் இல்லாதிருந்தால் அந்த 24 பேரைத் தேடிப் பிடித்திருக்கவே முடியாது. தெற்கே மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பில் பயிற்சி ஆசிரியராக இருந்த வி. சுந்தரம், பிறகு பெங்களூர் ஜக்கூர் விமானப் பயிற்சிப் பள்ளியை வழிநடத்தினார். அவருடைய மனைவி உஷா சுந்தரம் அந்தப் பள்ளியில் தேறிய விமானி. 1951இல் அவர்கள் இங்கிலாந்திலிருந்து ஒரு டவ் விமானத்தை 27 மணி நேரத்தில் இந்தியாவுக்கு ஓட்டி வந்தார்கள். நூறு பேர் உறுப்பினராக இருந்த இடத்தில் ஒரே ஒருவர் நல்ல ஆசிரியராக மாறினாலும், அடுத்த தலைமுறையின் கதவு அங்கே திறந்துவிடுகிறது. செலவைக் குறைப்பது எப்படி என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. அதற்கு விடை கிளைடர்.

என்ஜின் இல்லாத விமானத்தை ஏழை நாட்டின் தற்காலிக ஏற்பாடு என்று நினைப்பவர்கள் ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனிக்கு வெர்சாய் உடன்படிக்கை என்ஜின் விமானங்களைப் பெரும்பாலும் தடைசெய்தது. அதனால் 1920இலிருந்து ரோன் மலைப்பகுதியின் வாஸர்குப்பே குன்றில் பொறியியல் மாணவர்கள் தாங்களே செய்த கிளைடர்களோடு கூடினார்கள். காற்றியலில் பிற்பாடு பேர்பெற்ற பலர் அந்தக் குன்றில் வளர்ந்தவர்கள். அந்தத் திறமையை நாஜி அரசு போருக்குப் பயன்படுத்தியதும் வரலாறுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. எந்தத் திறமையையும் ஓர் அரசு தவறாகப் பயன்படுத்த முடியும். ஆனால் குறைந்த செலவில், கையால் செய்த சாதனத்தில், ஒரு சமூகம் பறக்கக் கற்க முடியும் என்பதை வாஸர்குப்பே நிரூபித்துவிட்டது. விடுதலைக்குப் பின் இந்திய அரசும் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. அப்படி அமைந்த மையங்களில் ஒன்று புனேயின் ஹடப்சரில் உள்ள கிளைடிங் சென்டர். அது அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பில் அமைக்கப்பட்டது.

ஹடப்சரை இந்த வேலைக்குத் தேர்ந்தது தற்செயல் அல்ல. தக்காண பீடபூமியில் மார்ச் முதல் மே வரை தரை நன்றாகச் சூடேறும். உழுத கரிசல் வயல், பாறைத் திட்டு, தகரக் கூரை ஆகியவற்றின்மேல் சூடான காற்று தூணாக எழும்பும். பைலட்டுகள் அதைத் தெர்மல் என்பார்கள். அது எங்கே இருக்கிறது என்பதைப் பருந்துகள் முதலில் கண்டுபிடித்துச் சிறகசைக்காமல் வட்டமிடும். அவற்றைப் பார்த்துக் கிளைடரும் போய்ச் சேர்ந்துகொள்ளும். மழை மாதங்களில் வேலை குறைந்துவிடும். தரையிலிருந்து கிளைடரை ஏற்றும் முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, கிளப் என்றால் என்ன என்று தனியே விளக்க வேண்டியதில்லை. திடலின் ஒரு கோடியில் கிளைடர், மறுகோடியில் கேபிளைச் சுருட்டி இழுக்கும் இயந்திரமான விஞ்ச். நடுவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள் புல்லில் கிடக்கும். ஒருவர் குனிந்து கொக்கியில் கேபிள் வளையத்தை மாட்டுவார். இன்னொருவர் சாய்ந்து கிடக்கும் இறக்கையின் நுனியைப் பிடித்துச் சமமாகத் தூக்குவார். மூன்றாமவர் வானத்தில் வேறு யாரும் இறங்கவில்லையே என்று பார்த்துவிட்டு விஞ்ச் ஓட்டுநருக்குச் சைகை கொடுப்பார். கேபிள் மெல்ல விறைக்கும், அடுத்த சைகையில் கிளைடர் நாலைந்து எட்டு உருண்டு எழும்பி, மிகச் சரிவான கோணத்தில் முந்நூறு நானூறு மீட்டருக்கு ஏறிவிடும். உச்சியில் பைலட் மஞ்சள் கைப்பிடியை இழுத்துக் கேபிளை விடுவிப்பார். அதற்குப் பிறகு கேட்பது காற்றின் ஓசை மட்டும். கண்ணாடிக்கு முன்னால் ஒட்டிய ஒரு கம்பளி நூல் நேராக ஓடினால் கிளைடர் சறுக்காமல் பறக்கிறது என்று பொருள். விலை ஏதும் இல்லாத அந்த நூல், எந்தக் கருவியையும்விட விரைவாகத் தவறைக் காட்டும்.

பயிற்சிக் கட்டத்தில் ஒரு சுற்று அஞ்சாறு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த அஞ்சாறு நிமிடத்துக்காக மாணவர் அரைநாள் வெயிலில் நின்று மற்றவர்களின் இறக்கையைப் பிடிக்க வேண்டும், கேபிளை இழுத்து வர வேண்டும், இறங்கிய கிளைடரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், யார் எப்போது ஏறினார் எப்போது இறங்கினார் என்று நோட்டில் எழுத வேண்டும். இதை நேர விரயம் என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் கருத்து நேர்மாறானது. தன் உயிர் எத்தனை பேர் கைகளில் இருக்கிறது என்பதை அந்த அரைநாள் கற்றுத்தருகிறது. ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் பாதி ஏற்றத்தில் கேபிளை விடுவித்துவிடுவார். மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும், வேகம் சட்டென்று குறையும். மாணவர் அந்தக் கணத்தில் குச்சியை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்தி, வேகம் திரும்பியதை உறுதிசெய்துகொண்டு, நேரே இறங்குவதா வளைந்து வந்து இறங்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். இது கையோடும் வயிற்றோடும் பதிய வேண்டிய பாடம். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் பதியாது.

இந்த மையங்களுக்குத் தேவையான கிளைடர்களை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டே இருந்திருந்தால் இந்த வாதம் பாதி பலவீனமாகியிருக்கும். அப்படி நடக்கவில்லை. டில்லி சஃப்தர்ஜங்கில் இருந்த சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிர்தம் தலைமையில் உள்நாட்டுக் கிளைடர்கள் வரைவாயின. 1958இல் அசுவினி பறந்தது. பிறகு பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா என்று நட்சத்திரப் பெயர்களிலேயே தொடர்ந்தார்கள். 1961இல் பறந்த ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், ஒருவர் கை என்ன செய்கிறது என்று மற்றவர் பார்க்கலாம். மரமும் துணியும்தான் மூலப்பொருள், தச்சுவேலை தெரிந்தவர் பழுது பார்த்துவிடலாம். அதே மையத்தில் கே.பி. கணேசன் வரைந்த ரேவதி என்ற என்ஜின் விமானம் 1967இல் பறந்தது. பெங்களூரில் வி.எம். காட்கே குழுவினர் ஃப்ளையிங் கிளப்புகளுக்காகவே புஷ்பக் என்ற சிறு விமானத்தைச் செய்தார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கனில் காற்றியல் அறிஞர் பிராண்டிலிடம் ஆய்வு செய்துவிட்டுத் திரும்பிய காட்கே, நாட்டின் முதல் பயிற்சி விமானத்தையும் உருவாக்கியவர். பறக்கக் கற்கும் இடம் என்று ஒன்று இருந்ததால்தான் இந்த வரைவாளர்களுக்கு வேலை இருந்தது. ராக்கெட்டுக்கும் போர் விமானத்துக்கும் நாம் கொடுக்கும் கவனத்தில் ஒரு சிறு பங்கைக்கூட இவர்களுக்குக் கொடுக்காதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ராமாமிர்தத்தின் பெயர் தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகத்தில் இருக்க வேண்டியது.

சிமுலேட்டர் வந்துவிட்டதே, இனி இந்தத் திடல் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. சிமுலேட்டரின் பயனை நான் மறுக்கவில்லை. இரண்டு என்ஜினும் நின்றுபோவது, தீப்பிடிப்பது போன்றவற்றை வானத்தில் ஒத்திகை பார்க்க முடியாது, அறைக்குள்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்த அறையில் யாரும் எழுதாத சூழ்நிலையும் வரும். 1983 ஜூலை 23ஆம் தேதி கனடாவில் ஒரு போயிங் 767, எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிடுவதற்குப் பதில் பவுண்டில் கணக்கிட்ட குழப்பத்தால் 41,000 அடி உயரத்தில் எண்ணெய் தீர்ந்து நின்றது. அந்தச் சூழ்நிலைக்கு அப்போது கையேட்டில் வழிமுறை இல்லை. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் பழகியவர். கிம்லி என்ற பழைய ஓடுபாதையை நெருங்கியபோது உயரம் அதிகமாக இருந்தது. அவர் கிளைடர் பைலட்டுகள் செய்வதுபோல் விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரத்தைக் கரைத்து இறக்கினார். விமானத்தில் இருந்த அனைவரும் பிழைத்தார்கள். ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்துப் பொதுவிதி செய்யக்கூடாது என்பது சரிதான். ஆனாலும், என்ஜின் இல்லாத விமானத்தின் சரிவை உடம்பால் அறிந்திருப்பது அவசர நேரத்தில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆரம்பத்தில் கிளைடரில் பழகியவர் பிறகு ஜெட் ஓட்டினாலும், மீந்திருக்கும் உயரம் எத்தனை தூரத்துக்குப் போதும் என்ற கணக்கைத் தன்னையறியாமல் போட்டுக்கொண்டே இருப்பார்.

கடினமான எதிர்ப்பு நிலத்தைப் பற்றியது. ஒருகாலத்தில் ஹடப்சர் ஊருக்கு வெளியே கரும்பும் காய்கறியும் விளைந்த பகுதி. இன்று அதே பகுதியில் விவசாயிகள் நிலத்தைச் சேர்த்து எழுப்பிய மகர்பட்டா நகரமும் மென்பொருள் அலுவலகங்களும் நெருக்கமான குடியிருப்புகளும் இருக்கின்றன. சாஸ்வட் சாலையில் மாலை நேரத்து நெரிசலில் சிக்கி நிற்பவர், இவ்வளவு பெரிய திறந்த வெளியில் ஒருசிலர் இறக்கை பிடித்து ஓடுவதற்கா இடம் என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. வீடு, மருத்துவமனை, சாலை எல்லாமே உண்மையான தேவைகள். லோகேகாவ் தளத்துக்கு அருகில் இருப்பதால் வான்வெளியைப் பகிர்வதிலும் கவனம் வேண்டும். ஆகவே திடலை வெளியே மாற்றலாம் என்ற யோசனையை நான் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. ஆனால் இடமாற்றம் என்று சொல்லித் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஜூஹுவில் நெருக்கடி கூடியபோது பாம்பே ஃப்ளையிங் கிளப் தன் பறப்புப் பயிற்சியை 300 கிலோமீட்டருக்கு அப்பால் துலேவுக்குக் கொண்டுபோக நேர்ந்தது. தொழில்முறை பைலட் ஆக விரும்பும் மாணவர் அங்கே போய்த் தங்கிப் படித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை நகரப் பேருந்தில் வந்து இறங்கும் கல்லூரி மாணவி அப்படிப் போக முடியாது. என்.சி.சி. விமானப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பறக்கும் வாய்ப்பு கிடைத்தது இத்தகைய அருகாமையால்தான். பேருந்து எட்டும் தொலைவு கைவிட்டுப் போனால் கிளப் மறுபடியும் வசதி உள்ளவர்களுடையதாகிவிடும். முதலில் எழுப்பிய எதிர்ப்பு அப்போது முழு உண்மையாகிவிடும்.

மூடிவிட்டுப் பிறகு வேண்டுமானால் திறந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தையும் ஏற்க முடியவில்லை. கட்டடமும் விஞ்சும் கிளைடரும் காசு கொடுத்தால் வரும். ஆசிரியர் அப்படி வருவதில்லை. ஒரு கிளைடர் ஆசிரியர் இன்னொரு ஆசிரியரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான் உருவாகிறார். கேபிள் அறுந்தால் எவ்வளவு சீக்கிரம் மூக்கைத் தாழ்த்த வேண்டும், எதிர்க்காற்று அடிக்கும் நாளில் விஞ்சை எவ்வளவு மெதுவாகத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் கையிலிருந்து கைக்குப் போகிற அறிவு. விஞ்ச் ஓட்டுநர் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று கிளைடரின் மூக்கு நிமிரும் கோணத்தைக் கண்ணால் பார்த்தே விசையைக் கூட்டவும் குறைக்கவும் பழகியிருப்பார். எந்தக் கையேட்டிலும் அந்தக் கண்ணளவு இல்லை. மையம் நாலைந்து ஆண்டு பூட்டிக் கிடந்தால் இவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விடுவார்கள், அதன்பின் புதிதாகத் தொடங்குபவர் இன்னொரு ஊரிலிருந்து ஆட்களைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். ஆகவே இடம் மாற்றுவதானால் புதிய திடலில் பயிற்சி ஓடத் தொடங்கிய பிறகே பழையதைப் பூட்ட வேண்டும், பூட்டும் நாள்வரை இரண்டிலும் ஆசிரியர்கள் இருக்க வேண்டும். வாஸர்குப்பேயில் 1924இல் தொடங்கிய கிளைடர் பயிற்சி இன்றைக்கும் நடக்கிறது. போர்க்காலத்தையும் அதற்குப் பிந்திய தடையையும் தாண்டி அது மீண்டதற்கு, கற்பிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊர்ப்பக்கத்திலேயே இருந்தது ஒரு முக்கியக் காரணம் என்றே நான் நினைக்கிறேன். புனேயிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். திடலை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும்.